காரைக்குடி வெயிலில் தோட்ட ரயிலின் தண்டவாளம் ஏன் நெளிகிறது?

தோட்ட ரயில் என்பது வீட்டுக்கு வெளியே மண்ணில் ஓடும் மாடல் ரயில். பெரும்பாலும் 45 மி.மீ. அகலப் பாதை, பித்தளைத் தண்டவாளம். பித்தளை சூட்டில் நீளும். 10 மீட்டர் பாதை 30 டிகிரி கூடுதலாகச் சுட்டால் கிட்டத்தட்ட 6 மி.மீ. வளரும். வளர இடமில்லையென்றால் பக்கவாட்டில் நெளியும், எஞ்சின் கவிழும்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவார்களே, காய்ச்சினால்தான் மரத்தில் ஏறும், தண்ணீர் ஊற்றியதும் இறுகிக்கொள்ளும். அதே சங்கதிதான்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில், காலையில் இணைப்புகளில் விட்ட நகக்கனத்து இடைவெளி மதியம் பார்த்தால் காணோம். (சித்திரையில் நான் சாயங்காலம்தான் ஓட்டுவேன்.) செம்மண்மேல் பொடி ஜல்லி கொட்டி, பாதையை அதில் சும்மா கிடக்க விடுங்கள். சிமெண்டில் ஸ்குரூ போட்டு இறுக்கினால் நெளியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்போதுதான் ஸ்குரூவையும் பிடுங்கிக்கொண்டு எழும்பும்.