மடித்து வைத்த தாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாளை நான் செய்யப்போவதைக் கடவுள் இன்றே அறிந்திருக்கிறார் என்றால் அதை என்னால் மாற்ற முடியாது. முடியாதென்றால் என் பிழைகளுக்கு நான் பொறுப்பல்ல. படைப்பாளி உண்டு என்பதைப் பெருவெடிப்பு நிரூபித்துவிட்டது. நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று மூளை ஆய்வாளர் லிபெட்டும் காட்டிவிட்டார். பிறகு சுதந்திரம் என்று எதைச் சொல்வது?

மு.

அன்புள்ள மு.,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது பழைய சதுரங்கப் பலகை ஒன்றைத் துடைத்தபடி இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் இரண்டை ஒதுக்கிவிடுகிறேன். 1983இல் லிபெட் ஆராய்ந்தது, கையை எந்தக் கணத்தில் அசைப்பது என்பதைத்தான். நண்பரை ஏமாற்றலாமா என்று மூன்று இரவுகள் புரண்டு படுத்தவரை அவர் ஆராயவில்லை. பெருவெடிப்போ, சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகுந்த வெப்பமும் அடர்த்தியுமாக இருந்த பிரபஞ்சம் விரிந்த கதை. விரியும் பிரபஞ்சத்தைப் பற்றி 1927இலேயே எழுதிய லெமெய்த்ர ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அவரே அதைக் கடவுளுக்குச் சாட்சியாக நிறுத்த விரும்பவில்லை. பாதிரியார் கேட்காத சலுகை உங்களுக்கு எதற்கு?

எனக்குப் பத்து வயதில் பெரியப்பா சதுரங்கம் கற்றுக்கொடுத்தார். நான் யோசிக்கத் தொடங்கியதும் ஒரு துண்டுத்தாளில் எதையோ எழுதி, நான்காக மடித்து, பலகையின் அடியில் செருகிவிடுவார். நான் காயை நகர்த்திய பின் பிரித்துக் காட்டுவார்: அதே காய், அதே கட்டம். எனக்கு அழுகை வந்துவிடும். அந்தத் தாள்தான் என் கையைப் பிடித்து இழுத்தது என்றே நம்பினேன். உங்கள் கடிதமும் அந்த வயதில்தான் நிற்கிறது. அறிவது வேறு, செய்விப்பது வேறு. ஆறாம் நூற்றாண்டில், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருந்த ரோமானியத் தத்துவஞானி போயத்தியஸ் இதை இன்னும் நுட்பமாகச் சொன்னார்: கடவுளுக்கு நாளை என்பதே இல்லை, எல்லாக் காலமும் அவர்முன் ஒரே நிகழ்காலமாக விரிந்து கிடக்கிறது, ஒருவர் நடப்பதை நாம் பார்ப்பதால் அவர் நடந்தே தீரவேண்டும் என்றாகிவிடாது.

ஆனாலும் போயத்தியஸிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெரியப்பா வெறும் பார்வையாளர் அல்லவே! குதிரையின் மேல் ஆசை வைக்கவும், ராணிக்கு ஆபத்தென்றால் பதறவும் எனக்குப் பழக்கியவரே அவர்தான். தாம் பழக்கியதைத்தான் தாளில் எழுதினார். அறிபவரும் ஆக்கியவரும் ஒருவரே என்னும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. முடிவு தெரிந்தே பிரபஞ்சத்தைத் தொடங்கியவரிடம் கேட்க வேண்டியது, 'ஏன் அறிந்தீர்?' என்பதல்ல, 'அறிந்தும் ஏன் தொடங்கினீர்?' என்பது. படைப்பைப் பற்றி எழுதிய நீங்கள் இதைக் கேட்கவில்லை. பொறுப்பிலிருந்து நழுவ ஒரு சந்து இருக்கிறதா என்று மட்டும் தேடியிருக்கிறீர்கள். உங்கள் நற்செயல்களையும் கடவுள் கணக்கில் எழுதச் சொல்லி ஒரு வரிகூட இல்லையே! கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏதோ ஒரு பிழை உங்களைத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது. தாள் இழுத்த கைக்கு அப்படி உறுத்தாது.

ஒருநாள் பெரியப்பா தண்ணீர் குடிக்க எழுந்தபோது தாளைத் திருட்டுத்தனமாகப் பிரித்தேன். 'குதிரை' என்றிருந்தது. வீம்புக்கென்றே சிப்பாயை நகர்த்தினேன். திரும்பி வந்தவர் பலகையைப் பார்த்தார், கலைந்திருந்த மடிப்பையும் பார்த்தார், எதுவும் சொல்லாமல் நான்கே நகர்த்தல்களில் என்னைத் தோற்கடித்தார். குதிரையை நகர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

"ஆறு ஆகியிருக்கும்" என்றார்.