ரிட்டயர் ஆன அம்மாவ எப்படி ஆக்டிவா வெச்சுக்கறது? வாக்கிங் போகச் சொன்னா போகவே மாட்டேங்கறாங்க

அம்மாவுக்கு 63 வயசு, ரிட்டயர் ஆனதுலேர்ந்து சோபாவும் போனுமாவே இருக்காங்க, ட்ரெட்மில் வாங்கிக் குடுத்தா அதுல துண்டு காயப்போடறாங்க, எதுலயுமே ஆர்வம் இல்லன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் கிட்டத்தட்ட அதே வயசு தான், நானும் வேலைக்குப் போய் ரிட்டயர் ஆனவ தான். அதனால உங்க அம்மா பக்கத்துல உக்காந்துக்கிட்டு பதில் சொல்றேன், அங்கங்க சுருக்குன்னு இருந்தா பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஒன்னு கேக்கறேன். உங்க வீட்ல அம்மாவுக்குன்னு இப்ப என்ன வேலை மிச்சம் இருக்கு? நெஜமா யோசிச்சு சொல்லுங்க. துணி துவைக்க மெஷின், சாமான் வாங்க ஆப், வீடு கூட்ட ஆள், செடிக்கு தண்ணி ஊத்த நீங்க. எல்லாத்தையும் பாசத்துல தான் வாங்கி வெச்சிருப்பீங்க, தெரியும். எல்லாத்தையும் வாங்கி வெச்சுட்டு கடைசியா நடக்கறதுக்கும் ஒரு மெஷின வாங்கி நடுக்கூடத்துல வெச்சுட்டு "ஏம்மா சும்மாவே உக்காந்திருக்கீங்க"ன்னு கேட்டா அவங்க என்ன தான் பண்ணுவாங்க.

என் கதைய சொல்றேன். என் பையனும் மருமகளும் தங்கமானவங்க, பிரச்சனையே அதுல தான் ஆரம்பிச்சுது. ஆபீஸ் போன காலத்துல பஸ்ஸுக்கு ஓட்டம், ரெண்டு மாடி ஏத்தம், நாள் பூரா ஃபைல தூக்கிக்கிட்டு இந்த செக்‌ஷன் அந்த செக்‌ஷன்னு அலைச்சல், சாயங்காலம் வந்து வீட்டு வேலைன்னு ஓடிக்கிட்டே இருந்தேன், அத யாரும் உடற்பயிற்சின்னு சொல்லல, நானும் நெனச்சதில்ல. ரிட்டயர் ஆனதும் "அம்மா நீங்க உக்காருங்க, இத்தனை வருஷம் உழைச்சது போதும்"னு ரெண்டு பேரும் ஆரம்பிச்சாங்க. பக்கெட்ட தூக்கினா ஓடி வந்து வாங்கிக்குவாங்க, மாடிக்குப் போய் துணி காயப்போடறேன்னா "விழுந்துட்டீங்கன்னா என்ன பண்றது"ம்பாங்க. அன்பா சொல்றவங்க கிட்ட சண்டை போட முடியுமா. உக்காந்தேன். நல்லா உக்காந்தேன்.

அப்புறம் ஒரு நாள் போன் கட்டிலுக்கு அடியில போயிடுச்சுன்னு தரையில உக்காந்து குனிஞ்சு எடுத்தேன். எடுத்துட்டு எழுந்திரிக்கப் பாத்தா முடியல. வலின்னு ஒன்னும் இல்ல, கால் சும்மா தூக்கவே இல்ல. பேரனக் கூப்ட்டேன், அவன் பாட்டி விளையாடக் கூப்பிடறான்னு நெனச்சு அவனும் கட்டிலுக்கு அடியில வந்து படுத்துக்கிட்டான்! இப்ப சொன்னா சிரிப்பா இருக்கு, அப்ப வயித்தக் கலக்கிடுச்சு.

ஃபிசியோதெரபி பொண்ணு ஒருத்தி கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அந்தப் பொண்ணு ஒரு நாற்காலியப் போட்டு, ரெண்டு கையையும் மார்புக்கு குறுக்க கட்டிக்கச் சொல்லி, 30 விநாடில எத்தனை தடவ முழுசா எழுந்து எழுந்து உக்கார முடியுதுன்னு பாத்தா. 60லேர்ந்து 64 வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்களுக்கு 12க்கு கீழ போனா கீழ விழற ஆபத்து அதிகம்னு ஒரு கணக்கு இருக்காம், ஆம்பளைங்களுக்கு 14. நான் அந்தக் கோட்டுக்கு கீழ தான் இருந்தேன். நல்லா இருக்கற வயசானவங்களையே 10 நாள் படுக்கையிலயே இருக்க வெச்சுப் பாத்த ஆராய்ச்சி ஒன்னு 2007ல வந்துச்சாம், அந்தப் பத்து நாள்லயே கால்லேர்ந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருக்கு. நான் படுக்கல, உக்காந்து தான இருந்தேன்னு சொன்னேன். அவ என்னைப் பாத்து சிரிச்சா, பதில் சொல்லல.

இங்க தான் உங்க கேள்வி வருது. வீட்டுக்கு வந்ததும் என் பையன் செஞ்ச மொதல் வேலை என்ன தெரியுமா, கையில ஒரு வாட்ச்சக் கட்டிவிட்டு தினம் 10,000 ஸ்டெப்புன்னு சொன்னது தான். சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து மெசேஜ் வரும், "எவ்ளோ ஆச்சும்மா?" வீட்டுப் பாடம் கேக்கற மாதிரி. அந்த 10,000 எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்தா, 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி நடை எண்ணுற கருவிய விக்கறதுக்கு அதுக்கு பத்தாயிரம் அடி மீட்டர்னு பேர் வெச்சுது, அவ்ளோ தான், எந்த டாக்டரும் எழுதிக் குடுத்த கணக்கில்ல. 2019ல அமெரிக்காவுல சராசரி 72 வயசுள்ள 16,000க்கு மேல பொம்பளைங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி வந்துது, அதுல ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவங்கள விட 4,400 அடி நடந்தவங்களுக்கு இறப்பு விகிதம் 41 சதவீதம் கம்மி, 7,500க்கு மேல போனா பெருசா கூடுதல் பலன் தெரியலன்னு வந்துச்சு. (உடனே வந்து "நடந்ததாலயா இல்ல ஏற்கெனவே ஆரோக்கியமா இருந்ததால நடந்தாங்களா"ன்னு கேப்பீங்க, சரி, அதுவும் நியாயமான கேள்வி தான், அத வெச்சு மட்டும் அடிச்சு சொல்ல முடியாது. ஆனா 10,000ங்கற பூச்சாண்டி தேவையில்லன்னாவது புரியுதுல்ல.) இத பையனுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் எமோஜி வந்துது, மறுநாள் சாயங்காலம் "எவ்ளோ ஆச்சும்மா?"

வாக்கிங் எனக்கு பிடிக்கல. அது தான் உண்மை. தனியா ஒரு எடத்துலேர்ந்து கெளம்பி அதே எடத்துக்கு வந்து சேர்றதுல எனக்கு என்ன இருக்கு? நான் போகலன்னா யாரும் கேக்கப் போறதில்ல, போனாலும் யாருக்கும் ஒன்னும் இல்ல. வாக்கிங் பிடிச்சவங்க கோச்சுக்காதீங்க, உங்களுக்கு பிடிச்சிருக்கு, எனக்கு பிடிக்கல.

பக்கத்து வீட்டு அக்கா, என்னை விட நாலஞ்சு வயசு மூத்தவங்க, டான்ஸ் கிளாஸுக்கு போய்க்கிட்டிருந்தாங்க. வயசானவங்களுக்குன்னு நடத்தறது, சினிமா பாட்டு போட்டு லேசா ஆட விடுவாங்க. என்னையும் வான்னாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு, முடியாதுன்னேன். "ஆட வேண்டாம், வரிசைல ஒரு ஆள் கொறையுது, சும்மா வந்து நில்லு"ன்னாங்க. அந்த "ஆள் கொறையுது" தான் என்னைத் தூக்கிட்டுப் போச்சு. உடம்புக்கு நல்லதுன்னு சொல்லியிருந்தா இன்னிக்கும் சோபால தான் இருந்திருப்பேன்.

ஆரம்பத்துல எல்லாரும் எடது பக்கம் திரும்புவாங்க, நான் வலது பக்கம் திரும்பி எதிர்ல வர்றவங்க மேல போய் முட்டுவேன். சொல்லிக் குடுக்கற பொண்ணுக்கு என் பையனை விட சின்ன வயசு, ஆனா கண்டிப்பு. அவ சொல்றபடி கால் போனா கை நிக்கும், கை போனா எண்ணிக்கை மறந்துடும், எண்ணிக்கிட்டே இருந்தா பாட்டு முடிஞ்சுடும். அப்ப எரிச்சலா இருந்தாலும் விஷயமே அதுல தான் இருக்குன்னு பின்னாடி புரிஞ்சுது. நடக்கறப்ப மூளைக்கு பெருசா வேலை இல்ல. ஆடறப்ப அடுத்து என்னன்னு ஞாபகம் வெச்சுக்கணும், தாளத்தக் கேக்கணும், பக்கத்துல இருக்கறவங்க கால மிதிக்காம இருக்கணும், ஒரு கால்லேர்ந்து இன்னொரு காலுக்கு உடம்பு வெயிட்ட மாத்தணும், பின்பக்கம் அடி வைக்கணும். விழாம இருக்கறதுக்கு வேண்டிய பயிற்சியே இது தான, ஆனா பயிற்சின்னு தெரியவே தெரியாது.

2003ல நியூயார்க்ல 75 வயசுக்கு மேல உள்ள 469 பேர வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்து ஒரு ஆராய்ச்சி வெளிவந்துது. படிக்கறது, போர்டு கேம் ஆடறது, வாத்தியம் வாசிக்கறது இதெல்லாம் செய்றவங்களுக்கு மறதி நோய் வர்றது கம்மியா இருந்துச்சு, உடம்ப அசைக்கற வேலைங்கள்ல டான்ஸ் ஒன்னு தான் அந்த லிஸ்ட்ல வந்துச்சு. ஆடினா மறதியே வராதுன்னு நான் சொல்லல, தயவுசெஞ்சு அப்படி ஃபார்வேர்ட் பண்ணிடாதீங்க.

சரி, ஃபார்வேர்டுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, கேள்விக்கு சம்பந்தமில்லாட்டியும் சொல்லிடறேன். கிளாஸ்ல ஒரு சின்ன நிகழ்ச்சி வெச்சோம். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வந்திருந்தான், என்னைக் கேக்காம வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல சிரிச்சு உருளற எமோஜியோட போட்டுட்டான். அதுக்கு கீழ "இந்த வயசுல இதெல்லாம் தேவையா"ன்னு ஒரு மாமா, "பாத்து, இடுப்பு ஒடஞ்சுடப் போகுது"ன்னு ஒரு சித்தி. அந்த சித்திக்கு மாடிப்படி ஏற ரெண்டு பேர் புடிச்சுக்கணும், அது வேற விஷயம். வீடியோ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கணும்ங்கற மரியாதை ஏன் யாருக்கும் தெரியல? வயசானவங்க என்ன செஞ்சாலும் ஒன்னு "ச்சோ ஸ்வீட்", இல்ல காமெடி. நாங்க என்ன பொம்மையா. நான் குரூப்ப விட்டு வெளிய வந்துட்டேன், நிம்மதியா இருக்கு. எங்க கிளாஸ்ல ஒருத்தங்க இந்த மாதிரி வீடியோவாலயே வர்றத நிறுத்திட்டாங்க, அந்த ஆத்திரம் தான் எனக்கு. உங்க அம்மா ஏதாவது ஆரம்பிச்சாங்கன்னா ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, அவங்களே போடச் சொன்னா தவிர.

வெளிய கூட்டிட்டுப் போறத பத்தியும் கேட்டிருந்தீங்க. கூப்பிட்டா "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கறேன்"னு சொல்றாங்களா? ஆர்வம் இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க. போற எடத்துல பாத்ரூம் இருக்கா, சுத்தமா இருக்குமா, அவசரம்னா நடுவுல வண்டிய நிறுத்துவாங்களாங்கற கவலை தான் பாதி பேருக்கு. இத பையன் கிட்ட எந்த அம்மாவும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. வெளிய போற அன்னிக்கு காலைலேர்ந்து தண்ணியே குடிக்காம கெளம்பறவங்க எங்க கூட்டத்துலயே இருக்காங்க, அப்புறம் தலை சுத்துதுன்னு பாதில உக்காந்துடுவாங்க. நாங்க அடிக்கடி சேந்து எங்கயாவது போவோம், மியூசியம், பார்க், இந்த மாதிரி. எங்க அக்கா மொதல்ல விசாரிக்கறது ரெண்டு தான்: பாத்ரூம் எங்க, நடுவுல உக்கார பெஞ்ச் இருக்கா. இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும், மீதிய நாங்க நடந்துக்குவோம். மியூசியத்துல ஒவ்வொரு அறையா நின்னு நின்னு சுத்தி வந்தா எவ்ளோ தூரம் நடந்திருக்கோம்னு யாருக்கும் தெரியாது, வாட்ச்சுக்கு மட்டும் தான் தெரியும்.

கொஞ்சம் காது மந்தமா இருந்தாலும் இதே கதை தான். கூட்டத்துல பேசறது சரியா கேக்காது, ரெண்டு தடவ திருப்பிக் கேட்டா சலிச்சுக்குவாங்கன்னு வராமயே இருந்துடுவாங்க. அதையும் ஒரு தடவ செக் பண்ணிடுங்க.

வீட்டு வேலையெல்லாம் கணக்குல வருமான்னா, வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான அசைவு. முன்னாடி ஒரு தடவைக்கு 10 நிமிஷமாவது தொடர்ந்து செய்யணும்னு வெச்சிருந்தாங்க, 2020ல அத எடுத்துட்டாங்க. அதனால படி ஏர்றது, துணிய ஒதறிக் காயப்போடறது, வீடு கூட்டறது எல்லாமே சேரும். மிதம்னா என்னன்னு கேட்டா, பேச முடியணும், பாட முடியக்கூடாது, அவ்ளோ தான். 65க்கு மேல போனா வாரத்துல மூணு நாளாவது பேலன்ஸுக்கும் தசை பலத்துக்கும் சேத்து ஏதாவது செய்யணும்னும் சொல்றாங்க. நான் வீட்ல என் பக்கெட்டத் திரும்ப வாங்கிட்டேன். மருமக மொதல்ல மொகத்த தூக்கி வெச்சுக்கிட்டா, இப்ப அவளே "அத்தை, மாடில துணி காஞ்சிருக்கும்"னு சொல்றா.

நான் டாக்டர் இல்ல. நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது, தலை சுத்தல், சமீபத்துல ஆபரேஷன்னு இருந்தா மொதல்ல டாக்டரக் கேளுங்க. முட்டி வலிக்குதுன்னா நாற்காலில உக்காந்தே ஆடறது இருக்கு, எங்க கிளாஸ்ல ஒரு வரிசையே அப்படி தான். இன்னொன்னு, திடீர்னு எதுலயும் பிடிப்பு இல்லாம தூக்கமும் பசியும் மாறி இருந்தா அது மனச்சோர்வா இருக்கலாம், அதுக்கு டான்ஸ் கிளாஸ் மட்டும் போதாது.

உங்க அம்மா கிட்ட "நட"ன்னு சொல்றத கொஞ்ச நாள் நிறுத்திட்டு, "எனக்கு இத செஞ்சு குடுங்கம்மா"ன்னு ஏதாவது கேட்டுப் பாருங்க. பேங்க்ல ஒரு ஃபாரம் குடுத்துட்டு வரச் சொல்லுங்க, பேரப்பிள்ளைய கிளாஸுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. பொய் வேலையா குடுக்காதீங்க, கண்டுபிடிச்சுடுவாங்க. அவங்க செய்யலன்னா நெஜமாவே நின்னு போற வேலையா இருக்கணும்.

எடிட்: கமெண்ட்ல ஒருத்தர் "அப்பாக்களுக்கு என்ன வழி, அவர் டான்ஸெல்லாம் ஆட மாட்டார்"னு கேட்டிருக்கார். எங்க கிளாஸ்ல ஒரு சார் இருக்கார், மனைவிய கொண்டு வந்து விட்டுட்டு வாசல்லயே உக்காந்து பேப்பர் படிப்பார். ஒரு நாள் ஸ்பீக்கர் வேலை செய்யலன்னு உள்ள கூப்பிட்டோம். அதுலேர்ந்து ஸ்பீக்கர் அவர் பொறுப்பு, நாற்காலி எடுத்துப் போடறது அவர் பொறுப்பு, யார் வரலன்னு போன் பண்றதும் அவர் தான். கிளாஸ் நடக்கற ஒரு மணி நேரமும் நின்னுக்கிட்டும் நடந்துக்கிட்டும் தான் இருக்கார். ஆடறீங்களா சார்னு கேட்டா மட்டும் கோவம் வருது.