1,88,000 பேர் எங்கே நிற்பார்கள்?

கேள்வி: விசாகப்பட்டினத்தில் கூகுள் பெரிய தரவு மையம் கட்டப்போகிறதாம், 1,88,000 பேருக்கு வேலையாம். எங்கள் துறைமுகம் அதைவிட எதில் குறைந்தது? திருகோணமலைக்கும் அப்படி ஒன்று வந்தால், கட்டாருக்கும் துபாய்க்கும் ஓடும் பிள்ளைகள் ஊரோடு நிற்பார்களே?
வாசகர், உப்புவெளி

பதில்: துறைமுகத்தில் நாங்கள் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் தரவு மையம் என்பது ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக ஓடும் கட்டடம்; அது கேட்பது ஆழ்கடலை அல்ல, மின்சாரத்தை. விசாகப்பட்டினத்தில் பேசப்படுவது கிகாவாட் கணக்கு, அதாவது 1,000 மெகாவாட். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் சேர்ந்தே 900தான். சம்பூர் சூரிய மின்நிலையம் முழுதாக முடிந்தாலும் 120. அதுவும் பகலில் மட்டும்.

வேலைக்கு வருவோம். அந்த 1,88,000 ஆந்திர அரசு 2025இல் சொன்ன கணக்கு. நேரடி, மறைமுகம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது. அமெரிக்காவின் வட கரோலினாவில் மெய்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஆப்பிள் 100 கோடி டொலர் செலவில் தரவு மையம் கட்டியது. முழுநேர வேலை கிடைத்தது ஏறத்தாழ 50 பேருக்கு! கம்பி கட்டவும் கொங்கிரீட் போடவும் கேபிள் இழுக்கவும் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வேண்டும்தான். ரிப்பன் வெட்டியதும் அவர்கள் அடுத்த ஊர் பார்ப்பார்கள். பிறகு மிஞ்சுவது எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், ஜெனரேட்டர் பார்ப்பவர், காவலாளி, கணினி தெரிந்த சிலர். சீனக்குடா மா ஆலைக்குக் கப்பல் வரவேண்டும், லொறி ஓடவேண்டும், மூட்டை தூக்க ஆள் வேண்டும். தரவோ கண்ணாடி இழையில் போகிறது; அதில் ஒரு லொறிக்காரருக்கும் கூலி இல்லை.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. வரட்டும். ஆனால் காணி கொடுக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: திறந்து மூன்றாம் வருடம் சம்பளப் பட்டியலில் எத்தனை பேர்? அதில் இந்த மாவட்டத்தவர் எத்தனை? காவலாளியும் துப்புரவாளரும் கொழும்புக் கொந்தராத்துக்காரர் வழியாக வருவார்களா? வரிவிலக்கு எத்தனை வருடம்? (இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் கூட்டங்களில் அமைச்சர்களுக்குத் திடீரென்று இருமல் வரும்.) அறிவிப்புகள் எங்களுக்குப் புதியவையா? சம்பூர் நிலக்கரி மின்நிலையப் பேச்சு 2006இல் தொடங்கியது, 2016இல் கைவிட்டார்கள்.

உங்கள் பிள்ளை மின்னியலோ குளிரூட்டல் வேலையோ படிக்கிறாரென்றால் படிக்கட்டும். அதற்கு நிலாவெளி ஹோட்டல்களில் இன்றைக்கே ஆள் தேடுகிறார்கள். கூகுளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.