திருகோணமலையில் கடன் பதிவு திருத்தும் தொழில் தொடங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் மற்றவர்களின் கடன் பதிவைத் திருத்திக் கொடுத்தே சம்பாதிக்கிறார்களாம். திருகோணமலையில் அப்படி ஒரு சிறிய தொழில் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆனால் "கிரிப் (இலங்கையில் எல்லோருடைய கடன் விவரமும் பதிவாகும் இடம்) கிளியர் பண்ணித் தரப்படும்" என்று போர்டு மாட்டத்தான் யோசனை என்றால் வேண்டாம்.

நான் இங்கே ஒரு பைனான்ஸ் கம்பனியின் லீசிங் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது கடன் படிவம், கடிதம் என்று தனியாகச் செய்து கொடுப்பவன். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்றே 1996இல் சட்டம் வந்துவிட்டது. வேலை முடியுமுன் காசு வாங்கக் கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், 3 வேலை நாளுக்குள் வாடிக்கையாளர் விலகிக்கொள்ளலாம். பிழையான பதிவை அங்கே நீக்கலாம். உண்மையிலேயே பிந்திக் கட்டியிருந்தால் அது பொதுவாக 7 வருடம் கிடக்கும். யூடியூப்காரர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நமக்கு இருப்பது கிரிப், அதாவது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். "கிரிப்ல பேர் விழுந்திட்டுது" என்று ஊரில் பயப்படுவார்கள். ஒழுங்காகக் கட்டியவரின் பெயரும் அதில்தான் இருக்கிறது! லோன் தருவதா இல்லையா என்பது வங்கியின் முடிவு. தவணை பிந்தியது உண்மையானால், "உள்ளுக்கு ஆள் இருக்கு" என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம், நீங்களும் அப்படிச் சொல்ல வேண்டாம்.

அப்படியென்றால் எதை விற்பது? வாசிக்கத் தெரிவதை. கிண்ணியாப் பக்கத்து மீன் வியாபாரி ஒருவர் வந்தார். சொந்தக் கடன் எதுவும் இல்லை, ஆனாலும் லொறி லீசிங் மறுக்கப்பட்டுவிட்டது. அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அவர் பெயரில் கடனே இல்லை, பிணையாளியாக நின்ற பகுதியில்தான் சிக்கல்: மச்சானின் ஓட்டோ லீசிங், நிலுவையோடு. மச்சானோ அதை எப்போதோ கட்டி முடித்து ஓட்டோவையும் விற்றுவிட்டார். கடன் முடிந்த கடிதத்தைத் தேடினால், பழைய இன்சூரன்ஸ் பேப்பரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதன் பிரதியை வைத்து, கடன் கொடுத்த கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினோம். தகவலை அனுப்பிய நிறுவனம் திருத்தி அனுப்பினால்தான் பதிவு மாறும், கொழும்புக்கு ஓடி நின்று பிரயோசனமில்லை. இதுதான் தொழில். பெயரின் ஆங்கில எழுத்து ஆளுக்கொரு மாதிரி, அடையாள அட்டை இலக்கம் ஓரிடத்தில் பழையது, ஓரிடத்தில் 12 இலக்கப் புதியது என்று வருகிற குழப்பங்களும் இந்த வகைதான்.

குழுக் கடன் எடுத்த பெண்கள் நிறையப் பேர் வருவார்கள். அவர்களிடம் பதிவுத் திருத்தம் பேசுவது அநியாயம், அவர்களுக்கு வேண்டியது தவணையைக் குறைத்துக் கேட்கும் கடிதம். கம்பனி காது கொடுக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் பிரிவுக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசலாம், மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. முறைப்பாடு செய்யக் காசு கிடையாது என்பதை வந்தவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் வாங்குவது எழுத்துக் கூலி மட்டும், அதுவும் கடிதம் கையில் கொடுத்த பிறகு.

வியாபாரப் பெயரைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் பதியலாம், முதலில் கிராம அலுவலரைப் பாருங்கள். அடையாள அட்டைப் பிரதிகளைக் கடையில் குவித்து வைக்காதீர்கள், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். இதை மட்டும் நம்பிக் கடை வாடகை கட்டுவது கஷ்டம். போட்டோக்கொப்பி, படிவம் நிரப்புதல், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் கூடவே இருந்தால் தாக்குப்பிடிக்கும். அப்புறம், கடை திறக்குமுன் வங்கியில் கேட்டு உங்கள் சொந்த கிரிப் அறிக்கையை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். யாருக்கெல்லாம் பிணைக் கையெழுத்து வைத்தீர்கள் என்பது அதில் தெரியும்.