தேதியோடு 30 சேர்த்தால் 20240155 வருவது ஏன்?

வாசகர் ஒருவரின் கேள்வி: “மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் பில்_தேதி + 30 என்று எழுதினேன். 2024 ஜனவரி 25 தேதியிட்ட பில்லுக்கு 20240155 என்று வருகிறது. 30 நாள் கெடு தாண்டிய பில்களை எப்படி எடுப்பது?”

கூட்டல் குறியைப் பார்த்ததும் மைஎஸ்க்யூஎல் உங்கள் தேதியை 20240125 என்ற வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு 30ஐக் கூட்டிவிட்டது. எர்ரரும் காட்டாது. ஜனவரி 1ஆம் தேதி பில்லை வைத்துச் சோதித்திருந்தால் 20240131 என்று வந்திருக்கும். எல்லாம் சரி என்று நினைத்து விட்டிருப்பீர்கள். 25ஆம் தேதி பில் கண்ணில் பட்டது நல்லதாகப் போயிற்று.

எழுத வேண்டியது இது: டேட்_ஆட்(பில்_தேதி, இன்டர்வல் 30 டே). பிப்ரவரி 24 என்று சரியாக வரும். வேறு டேட்டாபேஸ் என்றால், எஸ்க்யூஎல் சர்வரில் டேட்ஆட்(டே, 30, பில்_தேதி). போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் இரண்டிலும் டேட் வகை நெடுவரிசையோடு (column) நேரடியாக 30ஐக் கூட்டலாம். ஆனால் போஸ்ட்கிரெஸில் அது டைம்ஸ்டாம்ப் (தேதியோடு நேரமும் சேர்ந்த) நெடுவரிசையாக இருந்தால் எர்ரர் வரும், இன்டர்வல் '30 டேஸ்' என்றுதான் கொடுக்க வேண்டும்.

அப்புறம், கெடு தாண்டியதை எடுக்க குவெரியின் வேர் (WHERE) பகுதியில் டேட்_ஆட்(பில்_தேதி, இன்டர்வல் 30 டே) < கர்டேட்() (இன்றைய தேதி) என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை போகும். விடை சரியாகவே வரும். ஆனால் நெடுவரிசையை ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டால் அதன் இண்டெக்ஸ் (வரிகளை வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படாது. ஒவ்வொரு வரிக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கும். டேபிள் பெரிதானால் குவெரி இழுக்கும். கணக்கை மறுபக்கம் தள்ளுங்கள்: பில்_தேதி < டேட்_சப்(கர்டேட்(), இன்டர்வல் 30 டே). கணக்கு ஒருமுறைதான், நெடுவரிசையும் தனியாக நிற்கும். இங்கே கர்டேட்டுக்குப் பதில் நவ்() (இந்த நொடியின் தேதியும் நேரமும்) போடாதீர்கள், இன்றுதான் கெடு முடிகிற பில்லும் பட்டியலில் வந்துவிடும்.

கெடு 30 நாளா, ஒரு மாதமா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி 31உடன் ஒரு மாதம் சேர்த்தால் மைஎஸ்க்யூஎல் பிப்ரவரி 29 என்கிறது. எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மார்ச் 2க்குப் போய்விடும். மாதத் தவணை என்றால், முந்தைய தவணைத் தேதியோடு ஒவ்வொரு மாதமாகக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். பிப்ரவரி 29இல் இருந்து மார்ச் 29க்குத்தான் போவீர்கள், 31 திரும்பக் கிடைக்காது. முதல் தேதியோடு 2 மாதம், 3 மாதம் என்று கூட்டினால் மார்ச் 31 வரும்.