15,000 ரூபாயில் மிக்ஸருக்கு ஒரு டேப்லெட்

கேள்வி: காசிமேட்டில் சின்னதாக சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறோம். ஆடி மாத அம்மன் கோயில் விழா, கானா கச்சேரி, கல்யாண ரிசப்ஷன்தான் வேலை. பெரிங்கர் எக்ஸ்ஆர்18 மிக்ஸர் வாங்கி, போனிலிருந்து ஓட்டுகிறோம். சவுண்ட் செக்கில் ஒழுங்காக இருக்கிறது. கூட்டம் சேர்ந்ததும் கனெக்‌ஷன் அறுந்துபோகிறது. 15,000 ரூபாய்க்குள் எந்த டேப்லெட் வாங்கினால் சரியாகும்?

பதில்: டேப்லெட்டை மட்டும் மாற்றினால் சரியாகாது. முதல் 2,000 ரூபாயை டூயல் பேண்ட் ரூட்டருக்கு (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு அலைவரிசையிலும் வைஃபை தருவது) ஒதுக்குங்கள். எக்ஸ்ஆர்18-க்குள் இருக்கும் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். அதில் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். தெருவிலுள்ள வீட்டு ரூட்டர்கள், புளூடூத், மலிவான சில கார்ட்லெஸ் மைக்குகள் எல்லாம் அங்கேதான் முட்டிமோதுகின்றன. போதாக்குறைக்கு மனித உடம்பு அந்த அலையை உறிஞ்சிவிடும். காலித் தெருவில் கிடைத்த சிக்னல் கூட்டம் வந்ததும் படுப்பது அதனால்தான். மிக்ஸர் இருக்கும் ரேக்கை மேடைக்கு அடியில் தள்ளியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மிக்ஸரின் நெட்வொர்க் சுவிட்சை ‘ஈதர்நெட்’டுக்கு மாற்றி, கேபிளை ரூட்டரின் லேன் போர்ட்டில் செருகுங்கள். இன்டர்நெட் லைனுக்கென்று தனியாக இருக்கும் போர்ட்டில் செருகினால் டேப்லெட்டுக்கு மிக்ஸர் கண்ணில் படாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர், சேனல் 36 முதல் 48-க்குள், சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 52 முதல் 144 வரை வேண்டாம்: ரேடார் சிக்னல் தென்பட்டால் அந்தச் சேனல்களை விட்டு ரூட்டர் தானாகவே விலகியாக வேண்டும், பாட்டு நடுவில் என்றாலும். ரூட்டரை மைக் ஸ்டாண்டில் கட்டி, ஆட்களின் தலைக்கு மேலே நிறுத்துங்கள். 5 கிகாஹெர்ட்ஸும் உடம்பைத் துளைத்துப் போகாது. முதலில் ரூட்டரை ஆன் செய்து, அது எழுந்த பிறகு மிக்ஸர். ஜெனரேட்டருக்கு மாறும்போது இரண்டும் அணையாமலிருக்க ஒரு சிறிய யுபிஎஸ்.

மீதி 13,000-க்கு டேப்லெட். 10 அல்லது 11 அங்குலத் திரை, 1920 × 1200 ரெசல்யூஷன், 4 ஜிபி ரேம், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. பிராசஸர் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ரெட்மி பேட் எஸ்இயின் 11 அங்குல மாடல் இந்த வேலைக்குப் போதும். தள்ளுபடியில் கிடைத்தால் சாம்சங் டேப் ஏ9 பிளஸும் நல்லது. ‘பிளஸ்’ இல்லாத ஏ9-ஐத் தவறி எடுத்துவிடாதீர்கள், அது 8.7 அங்குலம், திரையில் பாடகரின் ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளு பட்டை) தொட்டால் பக்கத்து டோலக்கும் சேர்ந்து ஏறும்.

சிம் போடும் மாடல் தேவையில்லை. உங்கள் ரூட்டரில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் ஆண்ட்ராய்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவப் பார்க்கும். வைஃபை மட்டும் உள்ள மாடலிலும், ‘இன்டர்நெட் இல்லை, தொடரவா?’ என்று கேட்டால் ‘ஆம்’ கொடுத்து, ‘மீண்டும் கேட்காதே’ என்பதையும் டிக் செய்யுங்கள். பேட்டரி சேவர் கூடாது. மிக்ஸரை ஓட்டும் ஆப் எக்ஸ் ஏரோ மிக்சிங் ஸ்டேஷனோ, எதுவானாலும் பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து அதை விலக்கிவிடுங்கள்; இல்லையேல் திரை அணைந்ததும் ஆண்ட்ராய்டு அதைத் தூங்க வைத்துவிடும். ஆடி வெயிலில் சூடு ஏறினால் டேப்லெட் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், நிழலில் வையுங்கள்.

இன்னொன்று. எக்ஸ்ஆர்18-இல் கையால் தள்ளும் ஃபேடரே கிடையாது. டேப்லெட் செத்தால் சத்தம் கடைசி நிலையில் ஓடிக்கொண்டிருக்கும். மைக் கூவினால் மிக்ஸரில் கைவைத்து அடக்க வழியில்லை. எக்ஸ் ஏர் எடிட் (இதே மிக்ஸரைக் கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டும் மென்பொருள்) போட்ட ஒரு பழைய லேப்டாப் கேபிளோடு ரூட்டரில் எப்போதும் செருகியிருக்கட்டும்.

கேள்வி: பர்மா பஜாரில் பழைய ஐபேட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: உங்கள் மிக்ஸர் ஆப்பைக் கடைக்காரர் முன்பாகவே ஆப் ஸ்டோரிலிருந்து இறக்கிப் பாருங்கள். ஐஓஎஸ் பழசாக இருந்தால் இறங்காது, பேரம் அங்கேயே முடிந்தது. சவுண்ட்கிராஃப்ட் யுஐ வரிசை மிக்ஸர் என்றால் ஆப்பே வேண்டாம், பிரவுசர் போதும். அதற்குக் கொஞ்சம் பழைய ஐபேடும் தாங்கும். முழுதாக ரீசெட் செய்யச் சொல்லுங்கள். அதன்பின் முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் ஐடியைக் கேட்டால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திரையின் ஓரம் சற்றே தூக்கியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம், அதையும் தொடாதீர்கள்.