ஃபிரெஞ்சு அளவீட்டுச் சொற்களை ஆங்கிலமாக்குவது: கேள்வி பதில்

ஆய்வகக் கையேடுகளையும் கருவி விவரக்குறிப்புகளையும் ஃபிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். அளவீட்டுச் சொற்களைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: 'தான்சித்தே' என்பதை 'டென்சிட்டி' என்றே எழுதிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எண்ணுக்குப் பின்னால் அலகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபிரெஞ்சில் தான்சித்தே பெரும்பாலும் அலகில்லாத விகிதம். ஆங்கிலத்தில் அது 'ரிலேட்டிவ் டென்சிட்டி'. ஆங்கில டென்சிட்டிக்கு ஃபிரெஞ்சில் 'மாஸ் வொலுமிக்' என்று பெயர். பாதரசத்துக்கு வெறும் 13,6 (ஆங்கில முறையில் 13.6) என்றிருந்தால் முன்னது. கன சென்டிமீட்டருக்கு 13,6 கிராம் என்றிருந்தால் பின்னது. திரவத்தையும் திடப்பொருளையும் நீரோடு ஒப்பிடுவார்கள், வாயுவைக் காற்றோடு. கார்பன் டை ஆக்சைடுக்கு 1,53 என்று கண்டதும் நீரைவிடக் கனமானது என்று விளக்கம் எழுதிய ஒரு பிரதியை நான் திருத்தியிருக்கிறேன். மின்னோட்ட அடர்த்தி போன்ற கூட்டுச்சொற்களில் மட்டும் தான்சித்தே என்பது டென்சிட்டியேதான்.

கேள்வி: அட்டவணையில் '1,250 கிலோ' என்று இருக்கிறது. ஆயிரத்து இருநூற்றைம்பதா?

பதில்: ஒன்றேகால் கிலோ. ஃபிரெஞ்சில் காற்புள்ளிதான் தசமக் குறி. ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி விடுவார்கள். ஆங்கிலத்தில் 1.250 என்று எழுதுங்கள். கடைசிப் பூஜ்ஜியத்தைத் தொடாதீர்கள். அளந்தவர் கிராம் வரை அளந்திருக்கிறார் என்பதை அதுதான் சொல்கிறது.

கேள்வி: 'மில்யார்', 'பில்யோன்'?

பதில்: மில்யார் நூறு கோடி, ஆங்கிலத்தில் பில்லியன். பில்யோன் லட்சம் கோடி, ஆங்கிலத்தில் டிரில்லியன்.

கேள்வி: 'ப்ரெசிசியோன்' என்றால் 'ப்ரிசிஷன்' என்பதிலாவது சந்தேகம் வேண்டாமே?

பதில்: அதிகச் சந்தேகம் அங்கேதான் வேண்டும். தமிழில் எல்லாவற்றையும் 'துல்லியம்' என்று சொல்லிப் பழகியதால் நமக்கு இந்தப் பள்ளம் கண்ணில் படுவதில்லை. 100 கிராம் எடைக்கல்லை ஒரு தராசு மூன்று முறையும் 103.1 என்றே காட்டினால் அது ஒரே சொல்லில் நிற்கிறது, ஆனால் தவறாக நிற்கிறது. இன்னொன்று 98, 102, 100 என்று அலைந்தாலும் சராசரியில் சரி. முதல் தராசுக்கு இருப்பது 'ஃபிதெலிதே', ஆங்கிலத்தில் ப்ரிசிஷன். இரண்டாவதற்கு இருப்பது 'ழுஸ்தெஸ்', ஆங்கிலத்தில் ட்ரூனஸ். இரண்டும் சேர்ந்து அமைந்தால் 'எக்சாக்திதூத்', அதாவது அக்யூரசி. சர்வதேச அளவியல் சொற்களஞ்சியத்தின் மூன்றாம் பதிப்பு இவற்றை ஃபிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாகத் தருகிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கேள்வி: மறுக்கிறேன் ஐயா. கருவி விற்பவர்கள் 'ப்ரெசிசியோன் ±0,5 %' என்றுதான் அச்சிடுகிறார்கள். அவர்கள் சொற்களஞ்சியமா பார்க்கிறார்கள்?

பதில்: பார்ப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அந்த வரியை நான் 'அக்யூரசி' என்று மாற்றுவேன். உண்மை மதிப்பிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதையே விற்பவர் சொல்ல வருகிறார். ப்ரிசிஷன் என்று எழுதினால், திரும்பத் திரும்ப அளந்தால் வரும் சிதறல் அது என்று ஆங்கில வாசகர் எடுத்துக்கொள்வார். தராசின் நிலையான பிழை கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

கேள்வி: 3,5 வோல்ட்டில் காற்புள்ளியை அப்படியே விடலாமா?

பதில்: கூடாது. மேலே ஒன்றேகால் கிலோவுக்குச் சொன்னதேதான்.

கேள்வி: 'எத்தாலோன்' என்பதற்கு அகராதியில் பொலிகுதிரை என்று இருக்கிறது.

பதில்: அளவியலில் அது 'ஸ்டாண்டர்ட்', ஒப்பிட்டுப் பார்க்கும் மூல அளவை. 'எத்தலோனாழ்' என்றால் காலிபரேஷன். 'கோன்த்ரோல்' என்பதையும் கண்ட்ரோல் என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அது சோதனை, சரிபார்ப்பு.

கேள்வி: காப்புரிமை விண்ணப்பம் ஒன்றை மொழிபெயர்க்க வேண்டும்.

பதில்: சட்ட மொழிபெயர்ப்பாளரிடம் போங்கள். ஒரு சொல் பிசகினால் உரிமையே போய்விடும்.

கேள்வி: 0,02 மில்லிமீட்டரில் காற்புள்ளி...

பதில்: மூன்றாவது முறை. புள்ளி வையுங்கள்.

கேள்வி: முன்பு மறுத்தவன் நான். தாளில் 'ப்ரெசிசியோன் 2' என்று மட்டும் இருக்கிறது, அலகும் இல்லை, சதவீதமும் இல்லை. அதையும் அக்யூரசி ஆக்குவீர்களா?

பதில்: மாட்டேன். அது அக்யூரசி வகுப்பாக, அதாவது கருவியின் தரப்பிரிவு எண்ணாக இருக்கலாம், காட்டும் தசம இடங்களாகவும் இருக்கலாம். தயாரித்தவருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை ஃபிரெஞ்சுச் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்.